வாழைநாரைத் தொழில்துறைத் துணிகளுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறேன். எங்கே தவறுகிறேன்?

மட்டைநார் (கேள்வி):

வணக்கம். குலை வெட்டிய வாழை மரங்களிலிருந்து நார் எடுக்கும் சிறிய யூனிட் ஒன்றை நான்கு வருடமாக நடத்தி வருகிறேன். நார் உரிக்கும் மெஷின் இரண்டு, காயப்போடக் கொடிக்கம்பிகள், கையால் திருகும் பேல் அழுத்தி ஒன்று. இதுவரை எடுத்த நார் முழுவதும் கூடை, பாய், கைப்பை செய்கிறவர்களுக்கே போகிறது. தொழில் அவர்களால்தான் ஓடுகிறது, அதை மறக்கமாட்டேன். ஆனால் ஒரு மாதம் ஐம்பது கிலோ கேட்பார்கள், அடுத்த மூன்று மாதம் சத்தமே இருக்காது. வெட்டிய மரம் அதுவரை காத்திருக்காது. ஓரிரு நாளில் மட்டை கறுக்க ஆரம்பித்துவிடும், அதிலிருந்து எடுக்கிற நாரும் பழுப்பாகிவிடும்.

அதனால் போன வருடம் தொழில்துறைப் பக்கம் போய்ப் பார்க்க முடிவு செய்தேன். நாற்பது கிலோ நாரைக் கழுவிக் காயவைத்து, நெய்யாத்துணி (தறியில் நெய்யாமல் நாரை விரித்து ஒன்றாக்கும் துணி) செய்யும் ஓர் ஆலையில் கொடுத்தேன். பாலிப்ரொப்பிலீன் இழையைப் பாதிக்குப் பாதி கலந்து, நீடில் பஞ்ச் செய்து (ஊசிகளால் குத்தி நார்களை ஒன்றோடொன்று பின்னவைத்து), சூடாக்கி அட்டையாக அழுத்திக் கொடுத்தார்கள். கார் கதவின் உள்பக்கப் பலகைக்கு ஆகும் என்று நம்பினேன். கையில் வாங்கியபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு மூன்று இடத்தில் அடி விழுந்தது. முதலில், மாதிரியை வாங்கிப் பார்த்த உதிரிபாக நிறுவனம் வாசனை சரியில்லை என்று திருப்பிவிட்டது. சூடானால் கருகிய வாடை வருகிறதாம். இரண்டாவது, நாரின் இழுவலிமையைச் சோதிக்கக் கொடுத்தேன். இருபது இழைகளில் ஒன்று 210 மெகா பாஸ்கல் (அறுவதற்கு முன் தாங்கும் விசை, குறுக்குப் பரப்புக் கணக்கில்), இன்னொன்று 890. ஒரே பேலில் எடுத்த நார்! மூன்றாவதுதான் தூங்கவிடவில்லை. அந்த நிறுவனத்தில் பேசியவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "சணல் இருக்கிறது, புளிச்சை நார் இருக்கிறது, இரண்டும் டன் கணக்கில் கிடைக்கிறது. நான் ஏன் வாழைநார் வாங்கவேண்டும்?" என்னிடம் பதில் இல்லை. இயற்கையானது, மக்கும், கழிவிலிருந்து வருவது என்று சொன்னேன். சணலும் மக்கும் என்றார்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உண்மையான வழி ஒன்று காட்டினால் பெரிய உதவியாக இருக்கும். வேண்டாம், விட்டுவிடு என்பதுதான் உண்மை என்றாலும் சொல்லுங்கள், காரணத்தோடு.

இழை_எண்:

ஜவுளிச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் இரண்டாவது அடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை என் பாடம் அல்ல.

210-க்கும் 890-க்கும் உள்ள இடைவெளி முழுவதும் நாரின் குற்றம் இல்லை. பாதி அளந்த விதத்தில் இருக்கும். மெகா பாஸ்கலில் சொல்லவேண்டுமானால் இழையின் குறுக்குப் பரப்பு தெரியவேண்டும். வழக்கமாக நுண்ணோக்கியில் அகலத்தை அளந்து, இழை உருண்டை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். தாவர நார் உருண்டை இல்லை. பல செல்கள் பசையால் ஒட்டிய கட்டு அது. சில இடத்தில் தட்டை, சில இடத்தில் பலகோணம், நடுவில் காற்றுக்குழிகள். அகலத்தில் சிறு பிழை வந்தாலும் பரப்பில் அது வர்க்கமாகப் பெருகும். அடுத்த முறை எடையை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் நீள இழை 20 மில்லிகிராம் இருந்தால் அது 20 டெக்ஸ் (இழையின் தடிப்பை எடையால் சொல்லும் அலகு). வலிமையை டெக்ஸுக்கு எத்தனை சென்டிநியூட்டன் என்று கேட்டு வாங்குங்கள். பரப்பு என்கிற ஊகமே அங்கே வராது.

அப்புறம், பிடிகளுக்கு நடுவே எவ்வளவு நீளம் விட்டு இழுத்தார்கள் என்று அறிக்கையில் இருக்கிறதா பாருங்கள். 10 மில்லிமீட்டரில் இழுத்த நார் பலமாகத் தெரியும், அதே நார் 50 மில்லிமீட்டரில் பலவீனமாகத் தெரியும். நீளம் கூடக்கூட அதற்குள் ஒரு நலிந்த இடம் சிக்கும் வாய்ப்பும் கூடும், அறுவது அந்த இடத்தில்தான். நீளம் எழுதாத வலிமை எண்ணை யாருக்கும் காட்டாதீர்கள். இழைகளை 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்துவிட்டுச் சோதித்தார்களா என்பதும் முக்கியம். தாவர நார்கள் காற்றின் ஈரத்தைக் குடிப்பவை. ஈரம் மாறினால் எண்ணும் மாறும்.

இன்னொன்று. சராசரி 600 என்று வந்தால் சந்தோஷப்படுகிறோம். வடிவமைப்பாளர் அந்தச் சராசரியைப் பார்ப்பதில்லை, கீழ்க்கோடியைப் பார்க்கிறார். சராசரி 450 இருந்து எல்லா இழையும் அதன் அருகிலேயே நின்றால், 600 சராசரியும் பெரிய சிதறலும் உள்ள நாரைவிட அதைத்தான் எடுப்பார். உங்கள் வேலை பலத்தைக் கூட்டுவது இல்லை, சிதறலைக் குறைப்பது. அதற்கு என்ன செய்யலாம் என்பதை நார் எடுப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

ஊசித்தறி:

நான் 33 வருடம் நெய்யாத்துணி லைனில் இருந்தேன். கார்டிங்கில் (நாரைச் சீவி மெல்லிய விரிப்பாக்கும் வேலை) தொடங்கி, நீடில் பஞ்ச், பிறகு அழுத்து அச்சு. சணல், தென்னை நார், ஆளி நார், கற்றாழை நார் எல்லாம் கையில் பட்டிருக்கிறது. வாழைநாரும் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதறலுக்கு முதல் காரணம் உங்கள் மெஷினுக்கு முன்னாலேயே இருக்கிறது. வாழை மரம் என்று நாம் சொல்வது மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய உருளை. வெளிமட்டை நார் தடித்தது, நிறம் மங்கியது, பலமானது. உள்ளே போகப்போக நார் மெல்லியதாகவும் வெளுப்பாகவும் பலம் குறைந்ததாகவும் ஆகும். வாழையின் நெருங்கிய உறவான அபாக்காவை, மணிலா கயிறு செய்வார்களே, அதை விளைவிப்பவர்கள் வெளிமட்டை, நடுமட்டை, உள்மட்டை என்று உரிக்கும்போதே பிரித்துவிடுவார்கள். நீங்கள் எல்லா மட்டையையும் ஒரே கொடியில் காயப்போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் 210-ம் 890-ம் வெவ்வேறு சரக்கு. ஒரே பேலில் கட்டியதால் ஒன்றாகிவிடாது.

அடுத்து வாசனை. அது நாரின் வாசனை இல்லை, நாரில் ஒட்டியிருக்கும் சக்கையின் வாசனை. மெஷின் உரித்த நாரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், செதில் மாதிரி படிந்திருக்கும். சர்க்கரையும் பசையும் உள்ள சதை அது. ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும், சூடானால் கருகும். காய்ந்த பிறகு அதை எடுப்பது மகா சிரமம். உரித்த அன்றே, ஈரமாக இருக்கும்போதே, எஃகுச் சீப்பில் வாரி, ஓடும் தண்ணீரில் அலசி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மெல்லப் பரப்பிக் காயவைக்கவேண்டும். தொட்டியில் தேங்கிய தண்ணீரில் அலசினால் முதல் கட்டின் சதை கடைசிக் கட்டில் போய் ஒட்டும்.

கார் பக்கம் வாசனைக்கென்றே சோதனை இருக்கிறது. ஜெர்மானியக் கார்த் தொழிலின் விடிஏ 270. மாதிரித் துண்டை மூடிய ஜாடியில் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். பிறகு மனிதர்களே முகர்ந்து 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார்கள். வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் உட்காருகிறவர் மூக்கில் என்ன படும் என்பதுதான் கேள்வி. வலிமையில் தேறி இந்த ஜாடியில் தோற்ற சரக்கை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அழுத்தும் சூட்டையும் விசாரியுங்கள். பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி அருகில் உருகும். தாவர நார் 200-ஐத் தாண்டினால் சிதைய ஆரம்பிக்கும். இந்த இடைவெளி சின்னது, நம் வேலை எல்லாம் அதற்குள்தான். ஒருமுறை அச்சு பழுதாகி நின்றுவிட்டது, சூட்டடுப்புக்குள் விரிப்பு மாட்டிக்கொண்டது. எடுக்கச் சில நிமிடம் தாமதம். வெளியே வந்தபோது பழுப்பாகி, கையில் மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. தளம் முழுவதும் இரண்டு நாள் அந்த வாடை போகவில்லை. அதற்குப் பிறகு அச்சு நின்றால் அடுப்பின் பட்டையும் தானாகப் பின்னால் ஓடி விரிப்பை வெளியே தள்ளும்படி மாற்றினோம். உங்கள் சரக்கை எத்தனை டிகிரியில், எத்தனை நிமிடம் வைத்தார்கள் என்று அந்த ஆலையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. அவர் கேட்டது நியாயம். கதவுப் பலகையில் நீங்கள் சணலோடு போட்டி போடவேண்டாம் என்பது என் கருத்து.

தாவர நார் அந்த இடத்தில் ஏன் ஜெயித்தது என்று பார்த்தால் காரணம் புரியும். ஆளி நாரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.5 கிராம், கண்ணாடி இழை சுமார் 2.5. ஒரு பலகை வளையாமல் நிற்பது அதன் தடிமனின் மும்மடிப்படி கூடும், அதாவது தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதே எடையில் லேசான நார் தடித்த பலகையைக் கொடுக்கும், ஆகவே விறைப்பாக நிற்கும். பலம் என்று பார்த்தால் கண்ணாடி முன்னால் நிற்கிறது. ஆனால் கதவுப் பலகைக்கு வேண்டியது விறைப்பும் எடைக்குறைவும்தான். மோதலில் முட்டு வாங்கும் இடத்துக்கு இந்த நாரைப் பொதுவாகக் கொண்டுபோவதில்லை. 2019-ல் போர்ஷே தன் 718 கேமன் ஜிடி4 கிளப்ஸ்போர்ட் பந்தயக் காரின் கதவையும் பின் இறக்கையையும் ஆளி, சணப்பு (ஹெம்ப்) நார்க் கலவையில் செய்தது. அங்கேயும் தேடியது எடைக்குறைவும் விறைப்பும்தான். கிழக்கு ஜெர்மனியின் டிராபாண்ட் கார் 1957 முதல் 1991 வரை பருத்திக் கழிவும் பீனால் பிசினும் சேர்ந்த உடலோடு ஓடியது. ஆக இது பழைய பாதை. சணலும் ஆளியும் புளிச்சையும் அதில் வெகுதூரம் போயிருக்கின்றன. அவற்றுக்கு ஆண்டு முழுவதும் டன் கணக்கில் சரக்கும், பல வருடச் சோதனை அறிக்கைகளும் இருக்கின்றன. நாற்பது கிலோவோடு அங்கே போய் நிற்கும்போது உங்கள் நாரில் குறை இல்லாவிட்டாலும் தோற்பீர்கள்.

நான் வேலையில் கற்றதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இயற்கை நார் உறுதியாக நிலைத்த இடங்களைப் பாருங்கள். வேறு எதையோ போல நடித்து அங்கே போகவில்லை. மற்ற இடத்தில் குறை என்று சொல்லப்பட்ட அதே குணம்தான் அங்கே வேலை செய்கிறது.

லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் கற்றாழை நார்க் கரு இருக்கும். சுற்றியுள்ள கம்பிப் புரிகளைத் தாங்கவும், எண்ணெயைக் குடித்து வைத்திருந்து கயிறு அழுத்தப்படும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பிக்குக் கொடுக்கவும் அது தேவை. குடிப்பதும் நசுங்குவதும்தான் அதன் வேலை. பழைய காலத்துத் தீயணைப்புக் குழாய்கள் ஆளி நூலில் நெய்தவை, உள்ளே ரப்பர் கிடையாது. தண்ணீர் விட்டதும் முதலில் கசியும், நூல் ஊறி உப்பியதும் இடுக்கெல்லாம் தானே அடைந்துகொள்ளும். இங்கிலாந்தில் 1940-களில் கடலில் விழும் விமானிகளுக்காக வென்டைல் என்ற நெருக்கிய பருத்தித் துணியைச் செய்தார்கள், அதுவும் இதே குணத்தில்தான். காய்ந்திருக்கும்போது வியர்வையை வெளியே விடும். நனைந்தால் நூல் உப்பி நீரைத் தடுக்கும். ஈரத்தில் ஊதுகிறது என்று நாம் எத்தனை முறை தாவர நாரை ஒதுக்கியிருக்கிறோம்!

இலவம்பஞ்சும் அப்படித்தான். நூற்க வராது, வழுக்கும், மடிந்து ஒடியும். ஆனால் இழை உள்ளே வெறும் குழாய், மேலே மெழுகு. அதனால் மிதக்கும். உயிர்காப்பு மேலங்கிகளில் அதைத்தான் அடைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வருவது நின்றது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் எருக்கின் இனமான மில்க்வீட் செடியின் காய்களைச் சாக்குச் சாக்காகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு சாக்கு ஓர் உயிரைக் காக்கும் என்று சொல்லித்தான் அவர்களை அனுப்பினார்கள். எந்த ஆலையும் நூலாக்க விரும்பாத பஞ்சு அது.

ஆக வாழைநாரிடம் கேளுங்கள்: உன் குறை என்ன? தண்ணீரை நன்றாகக் குடிக்கும். சீக்கிரம் மக்கும். தென்னை நாரில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் லிக்னின் (நாரை மரம்போல இறுக்கி, சீக்கிரம் மக்கவிடாத பொருள்) இருக்கிறது, அதனால் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். வாழைநாரில் லிக்னின் மிகக் குறைவு. கார் கதவுக்கு இது தோல்வி. ஆனால் நாற்றங்கால் விரிப்புக்கு? கன்றைச் சுற்றிக் களை வராமல் போடும் வட்டத்துக்கு? முளைத்த சில நாளிலேயே அறுக்கும் குட்டிக்கீரை (மைக்ரோகிரீன்) வளர்க்கும் தட்டில் போடும் மெத்தைக்கு? அங்கே வேண்டியது தண்ணீரைப் பிடித்து வைத்து, வேருக்கு வழிவிட்டு, வேலை முடிந்ததும் மண்ணோடு போய்விடும் பொருள். சணல், சணப்பு மெத்தைகள் இப்போது அங்கே இருக்கின்றன. போட்டி இருக்கிறது, ஆனால் சிறிய அளவில் நுழையலாம், வாசனை ஜாடி கிடையாது, மெகா பாஸ்கலும் யாரும் கேட்கமாட்டார்கள். தடிமன் ஒரே சீராக இருக்கவேண்டும், பூஞ்சை கூடாது. கேட்பது இவ்வளவுதான்.

அதில் பாலிப்ரொப்பிலீனைக் கலக்காதீர்கள். கலந்துவிட்டு மக்கும் என்று சொன்னால் பொய். ஆனால் கலக்காவிட்டால் ஓட்டுவது கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன். வாழைநாருக்குச் சுருள் இல்லை. நேராகவும் விறைப்பாகவும் இருக்கும். கார்டிங்கிலிருந்து வரும் விரிப்பு தன்னைத்தானே பிடித்துக்கொள்ளாமல் கிழிந்து விழும். நான் முதல் முறை ஓட்டியபோது நாரை வெட்டாமல் நீளமாகவே கொடுத்துவிட்டார்கள், உருளையில் சுற்றிக்கொண்டு அரை நாள் கத்தியால் அறுத்து எடுத்தோம். இரண்டாம் முறை 60 முதல் 80 மில்லிமீட்டருக்கு வெட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஓர் இரவு ஊறவிட்டு, பருத்திக் கழிவை நாலில் ஒரு பங்கு கலந்தோம். ஓடியது. சக்கை இருந்த கட்டுகளில் ஊசி ஒடிந்தது, சீப்பில் வாரிய கட்டுகளில் ஒடியவில்லை. இதை என் கண்ணால் பார்த்தேன், எனவேதான் சீப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

உள்மட்டை நாருக்கு வேறு வழி உண்டு. அபாக்காவை நினையுங்கள். தேநீர்ப் பைக்குப் போடும் அந்த மெல்லிய தாள், மின்தேக்கிகளுக்குள் இரண்டு அலுமினியத் தகடுகளைப் பிரித்து வைக்கும் தாள், ஜப்பானின் பண நோட்டு, எல்லாவற்றிலும் அபாக்கா இருக்கிறது. அதன் தனிச்செல் சுமார் 6 மில்லிமீட்டர் நீளம். ஊசியிலை மரக்கூழில் சுமார் 3. நீண்ட செல் என்பதால் தாள் மெல்லியதாக இருந்தாலும் நனைந்து கிழியாது. வாழைநார் அபாக்கா ஆகாது, ஆனால் அதே குடும்பம். லிக்னின் குறைவு என்பதால் கூழாக்க அதிகக் காரம் வேண்டாம். கூழாக்குகிறவருக்கு இழையின் சிதறல் பெரிய விஷயம் இல்லை, வெட்டித் தொட்டியில் போட்டு எல்லாவற்றையும் கலக்கிவிடுவார். உங்கள் மெல்லிய, வெளுத்த, பலமில்லாத நார் அங்கே போகட்டும். கையால் வடிகட்டித் தாள் செய்யும் சிறு கூடங்களில் ஆரம்பியுங்கள். பெரிய ஆலைக்குப் போனால் மறுபடியும் டன் கேள்விதான் வரும்.

மட்டைநார்:

ஐயா, இரண்டு முறை படித்தேன். எல்லா மட்டையையும் ஒரே கொடியில்தான் காயப்போடுகிறேன். அலசுவதும் தொட்டியில்தான், காலையில் நிரப்பி மாலையில் திறந்துவிடுவேன். யாரும் இதைச் சொல்லவில்லை. இழை_எண், அறிக்கையை எடுத்துப் பார்த்தேன் அக்கா. பிடி நீளம் எழுதவே இல்லை.

இரண்டு சந்தேகம். இலவம்பஞ்சு எண்ணெய் உறிஞ்சும் விரிப்புகளுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாழைநாரை அதற்குக் கொண்டுபோக முடியுமா? இன்னொன்று, சாலை ஓரச் சரிவுகளில் மண் அரிக்காமல் போடும் வலைகள். விரிப்பு என்றாலே எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இழை_எண்:

எண்ணெய்க்கு வீட்டிலேயே சோதனை செய்யலாம். ஒரு தட்டில் தண்ணீர், அதன்மேல் கொஞ்சம் எண்ணெய், அதில் ஒரு பிடி நார். இலவம்பஞ்சு மெழுகு பூசியது, தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் இழுக்கும், மிதந்துகொண்டே இருக்கும். உங்கள் நார் முதலில் தண்ணீரைக் குடித்து மூழ்கிவிடும், பிறகு எண்ணெய்க்கு இடம் இருக்காது. மெழுகேற்றம் செய்தால் மாறும், ஆனால் அது தனி ரசாயன வேலை. காய்ந்த தரையில் மெஷினுக்கு அடியில் சொட்டும் எண்ணெய்க்கு என்றால் தண்ணீர்ப் போட்டி இல்லை, அங்கே முயன்று பார்க்கலாம்.

சரிவுமண்:

சரிவு வலையைப் பற்றி நான் சொல்கிறேன். மண்சரிவுகளில் சணலும் தென்னை நார் வலையும் விரிக்கும் வேலைதான் செய்கிறேன்.

இந்த வலை மண்ணை நிரந்தரமாகப் பிடிக்கப் போடுவது இல்லை. புல் முளைத்து அதன் வேர் மண்ணைப் பிடிக்கும் வரைக்கும் மழைத்துளியின் அடியைத் தாங்குவது, ஓடும் நீரின் வேகத்தை உடைப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. வேர் பிடித்த பிறகு வலை மக்கிப்போனால் நல்லதே. ஆகவே கணக்கு இப்படி: செடி நிலைகொள்ள எவ்வளவு காலம், வலை எவ்வளவு காலம் தாங்கும். புல் சீக்கிரம் வரும் இடத்தில் சணல் போதும், ஒன்று இரண்டு வருடம் தாங்கும். மண் மோசமாக, சரிவு செங்குத்தாக, செடி மெதுவாக வரும் இடத்தில் தென்னை நார். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்று வரும். சரிவு கூடக்கூட எடையும் கூடவேண்டும். சணலிடம் இன்னொரு நல்ல குணம் இருக்கிறது. தன் எடையைப்போல் ஐந்து மடங்கு வரை தண்ணீர் பிடிக்கும், நனைந்ததும் கனத்து மண்மேல் ஒட்டிப் படுத்துவிடும்.

அந்தப் படுத்துக்கொள்வதன் அருமையை ஒரு தோல்வியில் படித்தேன். வேலை தொடங்கிய காலத்தில் ஒரு சரிவில் உச்சியில் பள்ளம் எடுத்து வலையின் நுனியைப் புதைக்காமல், ஆணி மட்டும் அடித்துவிட்டேன். நாள் நெருக்கடி. தரையும் சமன் செய்யவில்லை, கட்டிகள்மேல் வலை கூடாரம்போல நின்றது. முதல் பெருமழையில் தண்ணீர் வலைக்கு மேலே ஓடாமல் அடியில் புகுந்து ஓடியது. வலை கிழியவே இல்லை. அதன் அடியில் இருந்த மண்ணும் விதையும்தான் போய்விட்டன. மறுபடி முழுச் சரிவையும் என் செலவில் செய்தேன். இப்போது உச்சியில் முப்பது சென்டிமீட்டர் பள்ளம் எடுத்துப் புதைக்காமல் ஒரு சுருளைக்கூட விரிப்பதில்லை. மேல் விரிப்பின் ஓரம் கீழ் விரிப்பின்மேல் ஏறி நிற்கவேண்டும், ஓடு வேய்வதுபோல.

உங்கள் நாருக்கு வருகிறேன். ஊசித்தறி ஐயா சொன்ன லிக்னின் கணக்கைப் பார்த்தால் ஈர மண்ணில் அது ஒரு பருவம் தாங்கினாலே அதிகம். சரிவுக்கு அதை நான் எடுக்கமாட்டேன், புல் பிடிப்பதற்குள் வலை போய்விடும் என்ற பயம். ஆனால் நான் விதைக்கும் இடத்தில் ஒரு தேவை இருக்கிறது. புல் விதையை வைத்து ஒட்டிய மெல்லிய விரிப்பு, தட்டையான தரைக்கு. முளைக்கும் வரை ஈரம் வைத்திருந்து, ஆறு ஏழு வாரத்தில் கரைந்தால் போதும். வைக்கோல் விரிப்பு போடுகிறார்கள், காற்றில் பறக்கிறது. நார் விரிப்பு பறக்காது. சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவில் பத்து மீட்டர் செய்து கொடுத்தால் விரித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் ஒன்று: எந்த வாரத்தில் கரைய ஆரம்பிக்கிறது என்று நீங்களும் உங்கள் இடத்தில் புதைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். என் மண் வேறு, உங்கள் மண் வேறு.

ஊசித்தறி:

சரிவுமண் கேட்டது நல்ல கேள்வி, மட்டைநார். கேட்பவரே அளவு, எடை, ஆயுள் மூன்றையும் சொல்லிவிட்டார். உங்களுக்கு இதைவிடத் தெளிவான ஆர்டர் கிடைக்காது.

புதைத்துப் பார்க்க ஒரே அளவுத் துண்டுகள் பன்னிரண்டு வெட்டுங்கள். ஒரே ஆழத்தில் புதையுங்கள். வாரம் ஒன்றை எடுத்து, மண்ணை மெல்ல அலசி, காயவைத்து, எடை போட்டு, கையால் இழுத்துப் பாருங்கள். எடையைவிட வலிமை முன்னாலேயே போகும், அதனால் எடை குறையவில்லை என்று ஏமாறவேண்டாம். அவருக்குக் கொடுக்கும் பத்து மீட்டரில் பருத்திக் கழிவு எவ்வளவு கலந்தது என்று மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

பேல் கட்டும்போது ஈரத்தையும் கவனியுங்கள். 100 கிலோ உலர்ந்த நார் 12 சதவீத ஈரத்தோடு 112 கிலோ எடை காட்டும். மழை நாளில் கட்டிய பேல் இன்னும் கூடக் காட்டும். நீங்கள் தண்ணீரை விற்பதாக வாங்குகிறவர் நினைத்துவிட்டால் அடுத்த பேல் போகாது. உள்ளேயே பூஞ்சையும் பிடிக்கும். பேலின்மேல் கட்டிய தேதி, எந்த மட்டை, ஈரம் எவ்வளவு, மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள்.

மட்டைநார்:

இன்று காலையிலிருந்து மூன்று கொடி கட்டிவிட்டேன். வெளி, நடு, உள். உரிக்கும் பெண்களிடம் சொன்னதும் அவர்களே சிரித்தார்கள். வெளிமட்டை கையில் கரகரவென்று இருக்கும், உள்மட்டை வழுக்கும், இது எங்களுக்கு எப்பவோ தெரியும், நீங்கள்தான் கேட்கவில்லை என்றார்கள். தொட்டியின் ஓரத்தில் ஒரு துளை போட்டு, மேலிருந்து தண்ணீர் விழுந்து கீழே ஓடும்படி மாற்றியிருக்கிறேன். சீப்புக்கு எஃகு ஆணிகளைப் பலகையில் அடித்து ஒன்று செய்தோம். முதல் கட்டை வாரியபோது கீழே விழுந்த சக்கையைக் கூட்டி எடை போட்டேன். ஒன்பது கிலோ ஈர நாரில் ஒன்றரைக் கிலோ. இதையெல்லாம் சேர்த்துத்தான் நான் இத்தனை நாள் அடுப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

சரிவுமண் அண்ணா, பத்து மீட்டர் வெளிமட்டை நாரில் செய்து தருகிறேன். 70 மில்லிமீட்டராக வெட்டி, பருத்திக் கழிவு நாலில் ஒரு பங்கு. ஆலையில் அடுத்த வாரம் அரை நாள் லைன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு துண்டுகளை அதே நாளில் புதைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் எடுத்துப் பார்த்ததை இதே இடத்தில் எழுதுகிறேன், கிழிந்தாலும் சரி.